ஒரு காபிக்கு ஒரு நாள்

ஸ்டெர்ஜியோஸ் ஜன்னலோர மேசைக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு ஷூவின் கயிறு அவிழ்ந்திருந்தது.

"வருதா?" என்றான் உள்ளேயிருந்து.

எவாந்தியா மேசைவிளக்கைப் பிளக்கில் செருகிப் பார்த்தாள். "வரல."

"இப்போ?"

"இப்பவும் வரல. டெலிபோன் கம்பெனியில இத்தனை வருஷம் என்னத்தைத்தான் பாத்த, ஸ்டெர்ஜியே?"

"டெலிபோன் வேற, கரண்ட் வேற."

"அப்போ கரண்ட் தெரிஞ்ச ஆளைக் கூப்பிடு."

"கடையில இருக்கிற எல்லாப் பிளக்கையும் நான்தானே போட்டேன்? இது ஒண்ணுக்கு மட்டும் வேற ஆள் வந்தா மத்ததெல்லாம் என்னைப் பத்தி என்ன நெனைக்கும்?" அவன் நகர்ந்து நகர்ந்து வெளியே வந்து, முழங்கைத் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தான். "நாளைக்குப் பாத்துக்கலாம். எலுமிச்சம்பழம் இருக்கா?"

"இல்லன்னு நேத்தே சொன்னேன்."

"வாங்கிட்டு வரேன்."

"கோட்டு."

"முக்குக் கடைக்கு எதுக்கு கோட்டு?"

மார்ச் மாதம். வார்தாரிஸ் காற்று வடக்கிலிருந்து இறங்கி, தெசலோனிக்கியின் சந்துகளிலெல்லாம் புகுந்து பால்கனித் துணிகளைப் பிய்த்துக்கொண்டிருந்த நாள். அவன் சட்டையோடு போனான். எவாந்தியா காபி மெஷினிடம் கணவனைத் திட்டிக்கொண்டே பால் பாத்திரத்தைக் கழுவினாள்.

கொஞ்ச நேரத்தில் பழக்கடைக்காரி வாசலில் வந்து நின்றாள். அவள் கையில் எலுமிச்சம்பழப் பை இருந்தது. இதை ஏன் இவள் கொண்டுவருகிறாள் என்று எவாந்தியா யோசித்தது ஒரு நொடிதான். அதற்குமேல் யோசிக்க எதுவும் இருக்கவில்லை.

கடைக்குப் பெயர் 'பிரீசா'. கிரேக்க மொழியில் பிளக் என்று அர்த்தம். டெலிபோன் கம்பெனி ஆட்குறைப்பு செய்தபோது ஸ்டெர்ஜியோஸ் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தான். மற்றவர்கள் அந்தத் தொகையில் கடற்கரைப் பக்கம் வீடு கட்டினார்கள். அவனோ ஒரு பழைய ஜவுளிக்கடையை வாடகைக்குப் பிடித்துச் சுவரெல்லாம் பிளக் போட்டான். வேலையின் கடைசி வருடங்களில் வீடு வீடாக இணைய இணைப்பு கொடுக்கப் போனபோது அவன் ஒன்றைப் பார்த்திருந்தான். ஆட்கள் படுக்கையறையில், சமையல் மேசையில், ஒரு வீட்டில் குளியலறையிலேகூட உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். இணைப்பு கொடுத்து முடித்த பிறகும் அவனைப் போகவிடாமல் பேச்சுக் கொடுத்தார்கள்.

"ஒரு வீட்டுல ஒரு பொண்ணு ஃபிரிட்ஜோட பேசுது, எவா. நானே கேட்டேன்" என்று ஒரு நாள் வந்து சொன்னான்.

"அதனால நீ கடை தொறக்கப் போறியா?"

"ஃபிரிட்ஜ் காபி போடாது இல்ல?"

ஆளுக்கொரு பிளக், ஆளுக்கொரு விளக்கு, நடுவில் ஒரு நீண்ட பொது மேசை, மீட்டிங் பேசுகிறவர்களுக்கு மூலையில் கண்ணாடிப் பெட்டி மாதிரி ஓர் அறை. அவன் போட்ட பிளக்கெல்லாம் கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்திருக்கும். மட்டப்பலகை வைத்துத்தான் போட்டேன், சுவர்தான் கோணல் என்பான்.

ஆட்கள் வந்தார்கள். அதில் குறையே இல்லை. வந்தவர்கள் போகாததுதான் பிரச்சினை.

மினாஸ் என்று ஒருவன் இருந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். ஜெர்மனியில் இருக்கும் ஏதோ ஒரு கம்பெனிக்காக மென்பொருளில் பிழை கண்டுபிடிக்கிற வேலை. காலையில் வந்து ஓர் ஐஸ் காபி வாங்குவான். மத்தியானத்துக்குள் ஐஸ் உருகி அது பாத்திரம் கழுவின தண்ணீர் நிறத்துக்கு வந்துவிடும். "கொஞ்சம் ஐஸ் மட்டும் போடுங்க அக்கா" என்று டம்ளரை நீட்டுவான். போடுவார்கள். சாயங்காலம் மூடும்போதும் அந்த டம்ளரில் ஒரு விரல் உயரம் மிச்சம் இருக்கும். அதைக் குடித்து முடித்தால் எழுந்துவிட வேண்டும் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருந்த மாதிரி.

அரிஸ்தேயா இன்னொருத்தி. படங்களுக்குக் கீழே வரும் வசனங்களை மொழிபெயர்ப்பவள். அவள் இரண்டு காபி வாங்குவாள், ஆனால் இரண்டு நாற்காலி பிடிப்பாள். ஒன்று அவளுக்கு, ஒன்று அவளுடைய அகராதிக்கும் குடைக்கும்.

கடை திறப்பதற்கு முன்னால் எவாந்தியா ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பில் இருந்தவள். அங்கே ஒரு நாற்காலியில் ஒரு நாளைக்கு எத்தனை வாய் என்பதுதான் கணக்கு. இங்கே ஒரு நாற்காலியில் ஒரு நாளைக்கு ஒரு வாய். அவளுக்குப் பொறுக்கவில்லை. துணியை எடுத்துக்கொண்டு போய் மினாஸின் மேசையைத் துடைப்பாள். துடைத்ததையே மறுபடி துடைப்பாள்.

"அவன் முழங்கையையும் சேர்த்துத் துடைக்கிற நீ" என்று ஸ்டெர்ஜியோஸ் கல்லாவுக்குப் பின்னால் வந்து முணுமுணுப்பான்.

"அவன் வாடகை குடுக்காம குடியிருக்கான் இங்க."

"இரு. ஏதாவது ஒரு காரணம் வரும்."

"என்ன காரணம்?"

"வரும், இரு." அவன் ஒரு தட்டில் தண்ணீர் டம்ளர்களை அடுக்கிக்கொண்டு ஒவ்வொரு மேசையாகப் போய் வைத்துவிட்டு வருவான். கேட்காமலே தண்ணீர் வைத்தால் இன்னும் கொஞ்சம் உட்காரு என்று அர்த்தம். அது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். எவாந்தியாவுக்கும் தெரியும். அதனால்தான் அவளுக்குக் கோபம் வரும்.

பழக்கடை வாசலிலேயே விழுந்து இறந்துபோன ஸ்டெர்ஜியோஸை அடக்கம் செய்துவிட்டு எல்லாரும் கடைக்குத்தான் வந்தார்கள். சர்க்கரையில்லாத காபி, ஒரு வாய் பிராந்தி, ரஸ்க். துக்க வீட்டுக் காபியை மேசை மேசையாகக் கொண்டு வைத்தவன் மினாஸ். அவனுக்குத் தட்டுப் பிடிக்கத் தெரியவில்லை. பாதி, தட்டிலேயே கொட்டியிருந்தது. அரிஸ்தேயா எவாந்தியாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்களுக்கு ஆயுசு இருக்கட்டும் அக்கா, அவரை நினைச்சிட்டு இருக்க" என்று எல்லாரும் சொல்கிறதைச் சொன்னாள். அப்புறம் அவள் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

நாற்பதாம் நாளுக்கு வேகவைத்த கோதுமையில் மாதுளை முத்தும் சர்க்கரையும் கலந்து கோயிலில் கொடுத்தாயிற்று. மறுநாள் எவாந்தியா கறுப்பு உடையோடு கடையைத் திறந்தாள். வீட்டில் உட்கார முடியவில்லை. வீட்டில் அவன் கை பட்டது என்று பெரிதாக ஒன்றுமில்லை. அவன் கை பட்டதெல்லாம் இந்தச் சுவர்களில்தான், இடதுபக்கம் சாய்ந்து சாய்ந்து இருந்தது.

கோடைக்காலம் வந்தது. லேப்டாப் ஆட்கள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போய்விட்டார்கள். செப்டம்பரில் கட்டடத்துக்காரர் நிக்கோலாஸ் வந்தார். எழுபது வயது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு பேசுகிறவர். உள்ளே வந்தாலும் உட்கார மாட்டார். உட்கார்ந்தால் எதையாவது வாங்க வேண்டியிருக்கும்.

"வருஷக் கடைசியோட ஒப்பந்தம் முடியுதும்மா" என்றார் நின்றபடியே. "உன் மேல எனக்குக் கோபம் ஒண்ணுமில்ல. ஸ்டெர்ஜியோஸ் நல்ல மனுஷன். ஆனா என் அண்ணன் பையன் ஐஸ்கிரீம் கடை போடணுங்கறான். சுவரையெல்லாம் உடைச்சு டைல்ஸ் ஒட்டணுமாம். நீ நடத்துறேன்னா நடத்து, வாடகை மட்டும் தாமதமாகக் கூடாது. கோடையில ரெண்டு தடவை தாமதமாச்சு. என் பெயர்நாளுக்குள்ள வந்து ஒரு பதில் சொல்லிடு."

அவருடைய பெயர்நாள் டிசம்பர் தொடக்கத்தில், புனித நிக்கோலாஸ் தினம். தன் பெயர் கொண்ட புனிதரின் நாளை அந்த ஊரில் பிறந்தநாள் மாதிரிக் கொண்டாடுவார்கள்; கொண்டாடுகிறவர்தான் மற்றவர்களுக்கு வாங்கிக் கொடுக்க வேண்டும். சுவரை உடைப்பார்கள் என்பது மட்டும் எவாந்தியாவின் காதில் நின்றது.

ஸ்டெர்ஜியோஸின் தங்கை ஸ்டமாத்தியாதான் யோசனை சொன்னாள். அவள் ஏதென்ஸில் ஒரு கடையைப் பார்த்திருக்கிறாள். அங்கே காபிக்குக் காசில்லை, நேரத்துக்குத்தான் காசு. உள்ளே வரும்போது ஒரு சீட்டில் நேரம் குறித்துக் கொடுப்பார்கள். காபி, டீ, பிஸ்கட் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். போகும்போது உட்கார்ந்த மணிக்குக் காசு.

"அண்ணி, நீங்க விக்கறது காபி இல்ல. நாற்காலி. அப்போ நாற்காலிக்குக் காசு வாங்குங்க."

"நாற்காலிக்கா? உங்கண்ணன் கேட்டா..."

"எங்கண்ணன் கேட்டுட்டுத்தான் இருந்தான், தண்ணி வேணுமா தண்ணி வேணுமான்னு. அதனாலதான் இப்படி இருக்கு." சொல்லிவிட்டு ஸ்டமாத்தியா அழுதாள். அப்புறம் இருவருமாக உட்கார்ந்து விலைப் பலகையை எழுதினார்கள்.

முதல் வாரம் சரியாகத்தான் போனது. ராட்டர்டாமிலிருந்து வந்து இரண்டு மாதம் தங்கியிருந்த இரண்டு பெண்களுக்கு அது மிகவும் பிடித்தது. தெளிவாக இருக்கிறது என்றார்கள். பழைய ஆட்கள் பலகையைப் படித்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த ஊரில் யாரும் எதுவும் சொல்லாமல் இருப்பது நல்ல அறிகுறி அல்ல.

மினாஸ் ஒரு நாள் முழுக்க ஒரு காபி குடித்தவன், இப்போது ஐந்து குடித்தான். சும்மா கிடைக்கிறதே என்று. மத்தியானத்துக்குள் அவன் விரல் நடுங்க ஆரம்பித்துவிடும்.

"அக்கா, நேத்து ராத்திரி தூக்கமே இல்ல. கூரையில எத்தனை விரிசல் இருக்குன்னு எண்ணி முடிச்சிட்டேன்."

"அப்போ ரெண்டோட நிறுத்தேன்டா."

"காசு குடுக்கிறேனே, விட மனசு வரல."

அரிஸ்தேயா தொலைபேசி வந்தால் சீட்டை ஒப்படைத்துவிட்டு வெளியே போய்க் காற்றில் நின்று பேசினாள், அந்த நேரம் கணக்கில் ஏறக் கூடாதென்று. உள்ளே வருகிறவர்கள் முன்பெல்லாம் கல்லாவில் சாய்ந்துகொண்டு மழையைப் பற்றியும் கால்பந்தைப் பற்றியும் கால் மணி நேரம் பேசுவார்கள். இப்போது தலையை ஆட்டிவிட்டு நேரே பிளக்குக்குப் போனார்கள். வணக்கம் சொல்வதற்கும் காசு ஆகும் என்கிற மாதிரி. நீண்ட பொது மேசையில் எட்டுப் பேர் எட்டுப் பரீட்சை எழுதுகிறவர்கள்போல் உட்கார்ந்திருந்தார்கள். பாலும் காபிப்பொடியும் முன்பைவிட வேகமாகத் தீர்ந்தன. மாதக் கடைசியில் எவாந்தியா கணக்குப் பார்த்தாள். பழைய முறையைவிட மோசமில்லை, நல்லதுமில்லை. இத்தனை சங்கடமும் எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை. ஐஸ்கிரீம் கடைக்குக் கொடுத்துவிடலாம் என்று முதல்முறையாக நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் கணக்கு நோட்டை மூடிவைத்தாள்.

நவம்பரில் புனித மினாஸ் தினம் வந்தது.

மினாஸ் அன்று இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தான். கையில் ரிப்பன் கட்டிய இனிப்புப் பெட்டி. சவரம் செய்திருந்தான். கடை நிறைய ஆட்கள் இருந்தார்கள்.

"பல்லாண்டு, மினா!" என்றாள் அரிஸ்தேயா தலையைத் தூக்கி. எட்டுப் பத்துக் குரல்கள் அதையே சொல்லின. அவன் வெட்கப்பட்டுக்கொண்டே பெட்டியைத் திறந்து எல்லாருக்கும் நீட்டினான். பிறகு கல்லாவுக்கு வந்து, வருடா வருடம் சொல்கிற மாதிரி, கொஞ்சம் சத்தமாகச் சொன்னான்:

"எவாந்தியாக்கா, இன்னிக்கு எல்லாருக்கும் காபி என் கணக்கு."

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

"காபிக்குக் காசு கிடையாதேடா" என்றாள் எவாந்தியா மெதுவாக.

"ஆமா, இல்ல?" அவன் பலகையைப் பார்த்தான். எல்லார் முன்னாலும் சொல்லியாகிவிட்டது. பெயர்நாள் அதுவுமாகச் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா? "அப்போ... எல்லாருடைய நேரமும் என் கணக்கு. எவ்வளவு நேரம் இருந்தாலும்."

"நல்லா இருப்ப" என்றார்கள். நெஞ்சில் கைவைத்துத் தலை தாழ்த்தினார்கள்.

அப்புறம் நடந்ததை எவாந்தியா வெகு நாள் நினைத்து நினைத்துச் சிரித்தாள், ஆனால் அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அரிஸ்தேயா முதலில் எழுந்தாள். "எனக்கு இன்னிக்குக் கொஞ்சம்தான் வேலை" என்று அகராதியைப் பையில் போட்டாள். கட்டட வரைபடம் போடுகிற பையன் ஒருவன் பல் டாக்டரிடம் போகணும் என்றான். இன்னொருத்தருக்கு வீட்டில் அடுப்பை அணைத்தோமா என்று சந்தேகம் வந்துவிட்டது. மற்றவன் காசில் உட்கார்ந்துகொண்டு மணியைப் பெருக்க யாருக்கு மனம் வரும்? ஒவ்வொருவராக மினாஸின் தோளைத் தட்டிவிட்டு, கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனார்கள். ராட்டர்டாம் பெண்கள் இருவரும் ஒன்றும் புரியாமல் கடைசிவரை உட்கார்ந்திருந்தார்கள். பிறகு, ஏதோ தீப்பிடித்திருக்குமோ என்று பயந்தவர்கள்போல அவர்களும் எழுந்து போய்விட்டார்கள்.

கடை காலி. மினாஸ் நீண்ட மேசையின் நடுவில் தனியாக உட்கார்ந்திருந்தான். எதிரே இனிப்புப் பெட்டி, பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

எவாந்தியா ஒரு தண்ணீர் டம்ளரைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். அவன் கேட்கவில்லை. அவளும் யோசித்து வைக்கவில்லை.

"பாத்தீங்களா" என்றான். "என் பெயர்நாளுக்கு என்னாலேயே கடை காலியாயிடுச்சு."

"உன்னால இல்ல. என்னால."

"தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. நீங்க தொடைக்கிறப்ப எனக்குத் தெரியும், இந்தப் பய ஒரு காபியில நாளை ஓட்டறான்னு நினைக்கிறீங்கன்னு. நான் காபி அவ்வளவா குடிக்கிற ஆள் இல்ல. எனக்கு ஒத்துக்காது. ஆனா இந்தக் கடையில நான் எத்தனை காபி வாங்கிக் குடுத்திருக்கேன்? எங்கம்மா ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு முழிச்சாங்கன்னு போன் வந்தன்னிக்கு? ஜெர்மன்காரன் என்னை நிரந்தரமாக்கினப்ப? அந்தக் கோடு போடற பையன் லைசன்ஸ் பரீட்சையில தேறினதுக்கு அவன் வாங்கிக் குடுத்தான். அவன் குடுத்தானேன்னு மறுநாள் நான் குடுத்தேன். ஸ்டெர்ஜியோஸ் அண்ணன் கணக்குச் சீட்டைச் சுருட்டி என் டம்ளர்ல போடுவாரு, ஒரு வார்த்தை பேச மாட்டாரு, இப்படிக் கண்ணடிப்பாரு."

அவன் கண்ணடித்துக் காட்டினான். சரியாக வரவில்லை. ஸ்டெர்ஜியோஸுக்கும் சரியாக வராது. இரண்டு கண்ணும் சேர்ந்தே மூடும்.

எவாந்தியா எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். பல் மருத்துவமனையிலிருந்து வந்த நாள் முதல் அவள் பார்த்தது ஒன்றுதான்: யார் எத்தனை குடிக்கிறார்கள். யார் வாங்குகிறார்கள் என்று பார்த்ததேயில்லை. திடீரென்று பதினைந்து காபி ஒன்றாகக் கேட்கும் நாட்களில் அவள் மெஷினுக்கு முன்னால் வியர்த்துக்கொண்டு நின்றிருப்பாள். எதற்கு என்று கேட்க நேரமிருக்காது. தட்டுகளோடு போய்வருகிறவன் ஸ்டெர்ஜியோஸ்தான். அரிஸ்தேயா ஒரு படம் முடித்தால் ஒரு சுற்று. யாருக்கோ பெண் குழந்தை. யாருடைய அணியோ ஜெயித்தது. வீட்டில் உட்கார்ந்து வேலை செய்கிறவனுக்கு நல்ல சேதி வந்தால் யாருக்கு வாங்கிக் கொடுப்பான், ஃபிரிட்ஜுக்கா? நாள் முழுக்க இங்கே உட்கார்ந்திருந்தால்தான் சேதி வரும் நேரத்தில் இங்கே இருப்பான். கேட்டுச் சந்தோஷப்பட எட்டுப் பேரும் இருப்பார்கள்.

இரு, ஏதாவது ஒரு காரணம் வரும்.

சால்ஜாப்பு என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள். ஒருவேளை சால்ஜாப்பேதானோ என்னவோ. அவன் வியாபாரத் தந்திரம் தெரிந்தவனில்லை. ஆட்களை எழுப்ப அவனுக்கு வாய் வராது, அவ்வளவுதான். ஆனால் கடை அதில்தான் ஓடியிருக்கிறது.

அவள் எழுந்து, கல்லாவுக்குப் பின்னால் இருந்த ஸ்டூலில் ஏறி, பலகையைக் கழற்றி சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள்.

"அவங்களுக்கெல்லாம் போன் போடு."

"யாருக்கு?"

"அரிஸ்தேயாவுக்கு, அந்தப் பல் டாக்டர் பையனுக்கு, எல்லாருக்கும். காபிக்குக் காசு உண்டு, அது மினாஸ் கணக்குன்னு சொல்லு. அடுப்பை அணைச்சாச்சான்னு அந்த ஆள்கிட்ட நான் கேட்டதாவும் சொல்லு."

அரிஸ்தேயா வெகு தூரம் போயிருக்கவில்லை. தெருமுனைப் பேருந்து நிறுத்தத்தில், காற்றில் பறக்கிற முடியை வாயால் ஊதிக்கொண்டு, மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாளாம். பல் டாக்டரிடம் போன பையனும் அதே பெஞ்சில்.

"வீட்டுக்குப் போயிருக்கலாமே" என்றாள் எவாந்தியா, அவள் மூக்கு சிவந்து உள்ளே வந்தபோது.

"வீட்டுல யாரு இருக்கா அக்கா?" என்றாள் அரிஸ்தேயா. "எனக்குச் சர்க்கரை நடுத்தரமா போடுங்க. மினா, நீ பணக்காரனாகணும், அடுத்த வருஷம் இதைவிடப் பெரிய பெட்டி கொண்டுவா."

எவாந்தியா மெஷினுக்கு முன்னால் நின்று வரிசையாகப் போட்டாள். போட்டு முடித்துச் சீட்டைச் சுருட்டி, மினாஸின் டம்ளருக்குள் செருகினாள். கண்ணடிக்க முயலவில்லை.

அதனால் மட்டும் கடை பிழைத்துவிட்டது என்று சொல்ல முடியாது. நல்ல சேதி எல்லா வாரமும் வராது. அடுத்த நாளிலிருந்து அவள் மத்தியானத்துக்கு ஒரே ஒரு பானை வைத்தாள். ஒரு நாள் பருப்பு சூப், ஒரு நாள் அவரைக்காய், வெள்ளிக்கிழமை கொண்டைக்கடலை. இதுவரை எல்லாரும் ஒரு மணிக்கு நாற்காலியில் கோட்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டு, வெளியே போய் வேறு யாரிடமோ சாப்பிட்டுவிட்டு வந்துகொண்டிருந்தார்கள். அத்தனை வருடமும் அந்தச் சாப்பாட்டு வாசனையோடு அவர்கள் திரும்பி வந்ததை அவளும் ஸ்டெர்ஜியோஸும் கவனித்ததில்லை. கண்ணாடி அறைக்கு மட்டும் மணிக்கணக்கு என்று வைத்துக்கொண்டாள். அதில் யாருக்கும் வருத்தமில்லை. கத்திப் பேசுகிறவன் காசு கொடுக்கட்டும் என்றார்கள். அரிஸ்தேயாவின் அகராதிக்கு நாற்காலி போய் ஓர் அலமாரித் தட்டு கிடைத்தது. அவள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாள்.

மினாஸ் பழையபடி ஒரு காபிக்கு வந்துவிட்டான். தூக்கமும் வந்துவிட்டதாம்.

டிசம்பர் வந்தது. அந்த மாத வாடகையைத் தேதிக்கு முன்னாலேயே கட்டிவிட்டாள். ஆனாலும் பதில் சொல்லப் போகக் கால் எழவில்லை. நடத்துகிறேன் என்று சொன்னால் எத்தனை வருடத்துக்கு என்று கேட்பார். தெரியாது. அவர் அண்ணன் பையன் ஏற்கெனவே டைல்ஸ் பார்த்துவைத்துவிட்டான் என்று பழக்கடைக்காரி சொல்லியிருந்தாள். இன்று போகலாம், நாளை போகலாம் என்று தள்ளித் தள்ளி, கடைசியில் நிக்கோலாஸே வந்துவிட்டார். கதவைத் திறந்துகொண்டு, கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, நின்றபடியே.

"என்னம்மா, பெயர்நாளுக்குள்ளன்னு சொன்னேனே..."

சொல்லி முடிப்பதற்குள் அரிஸ்தேயா நீண்ட மேசையிலிருந்து எழுந்தேவிட்டாள். "நிக்கோலாஸ் ஐயா! பல்லாண்டு இருக்கணும்!"

"பல்லாண்டு!" என்றது கடை மொத்தமும். நாற்காலிகள் நகர்ந்தன. மினாஸ் வந்து அவர் கையைக் குலுக்கினான். யாரோ அவர் கோட்டை வாங்கிக்கொண்டார்கள். யாரோ நாற்காலியை இழுத்துப் போட, அவர் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த பிறகுதான் என்ன காரியம் செய்துவிட்டோம் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. பெயர்நாள் அன்று, தானே நடந்து, இருபது பேர் உட்கார்ந்திருக்கும் காபிக்கடைக்குள் வந்திருக்கிறார்.

அவர் சுற்றிலும் பார்த்தார். இருபது பேரும் அவரையே புன்னகையோடு பார்த்தார்கள். தலையெழுத்து என்று கண்ணாடியை இறக்கி மூக்கில் மாட்டிக்கொண்டார்.

"சரி. எல்லாருக்கும் ஒண்ணு போடும்மா" என்றார். "சின்னது."

"சின்னதுன்னு எங்ககிட்ட இல்லையே ஐயா" என்றான் மினாஸ்.

அவர் ஒரு காபியும் இரண்டு கிண்ணம் அவரைக்காயும் சாப்பிட்டார். வரைபடம் போடுகிற பையனிடம் தன் வீட்டு மொட்டைமாடி ஒழுகுவதைப் பற்றி யோசனை கேட்டார். போகும்போது கணக்குச் சீட்டை வெகுநேரம் படித்தார். நோட்டுகளை மேசைமேல் வைத்துவிட்டு, "ஒரு வருஷம்" என்றார் எவாந்தியாவிடம். "ஒண்ணே ஒண்ணு. அண்ணன் பையன்கிட்ட நான் பேசிக்கறேன். அடுத்த வருஷத்தை அடுத்த வருஷம் பாப்போம்."

"இதே தேதிக்கு வாங்க ஐயா" என்றாள் அரிஸ்தேயா.

அவர் கோட்டை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

கடையை மூடும் நேரத்தில் எவாந்தியா சுவரோரமாக நடந்து ஒவ்வொரு விளக்காக அணைத்தாள். அப்படி அணைக்கும்போது பிளக்குகளின்மேல் விரலை வைத்துக்கொண்டே போவது அவளுக்குப் பழக்கமாகியிருந்தது. துடைக்கிற சாக்கில்தான். கடைசியாக ஜன்னலோர மேசைக்கு வந்து, ஸ்டெர்ஜியோஸ் கடைசியாகப் பார்த்த பிளக்கை இரண்டு முறை துடைத்தாள். வெளியே காற்று ஜன்னலைத் தள்ளிக்கொண்டிருந்தது. அவள் கோட்டை எடுத்துப் பொத்தான் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

மார்ச்சில் ஒரு வருடம் முடிந்தது. கறுப்பு உடையை மடித்து வைத்தாள். மின்சார வேலை தெரிந்த ஆள் ஒருவர் வாரம் இரண்டு நாள் கடைக்குக் காபி குடிக்க வருகிறார். அந்த ஜன்னலோரப் பிளக்கைத் தோண்டிப் பார்த்தால் அரை மணி வேலைதான் என்று ஒருமுறை சொன்னார். எவாந்தியா அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், வேறு பேச்சு பேசினாள்.

ஜன்னலோர மேசையின் பிளக்கில் இன்னும் மின்சாரம் வருவதில்லை. அங்கே உட்காருகிறவர்கள் பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டு ஒயரை இழுத்துக்கொள்கிறார்கள்.